வீட்டுக் கராஜில் பிளாஸ்டிக் கார் ராம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை, வீட்டிலேயே ஒயில் மாற்றவும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் அடிப்பாகத்தைப் பார்க்கவும் பிளாஸ்டிக் ராம்ப் (ஒரு சோடிச் சில்லுகளை ஏற்றி நிறுத்தும் சாய்தளங்கள்) வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முக்கால்வாசிப் பேரின் முதற் பயம் "உடைஞ்சிடுமோ" என்பதுதான். ஆனால் சுமை அளவுக்கு உட்பட்டுப் பயன்படுத்தினால், பயப்பட வேண்டியது பிளாஸ்டிக்குக்கு அல்ல. ராம்ப் நிலத்தில் வழுக்குவதற்கும், நிலத்தில் நிற்கும் மற்ற இரண்டு சில்லுகள் உருளுவதற்கும்தான். கீழே உள்ள பதில்களில் பல அந்த இரண்டையும் பற்றியவை.

ஜக் இருக்கத்தானே, பிறகு ராம்ப் எதுக்கு?

காரோடு வரும் ஜக் சில்லு மாற்றுவதற்கு மட்டுமே. அதன் மேல் நிற்கும் வாகனத்துக்கு அடியில் தலையை விடக்கூடாது. அடி சிறியது, ஒரு பக்கம் சாய்ந்தால் நழுவிவிடும். ராம்பில் வாகனம் தன் டயரிலேயே நிற்கிறது. டயர் போய் உட்கார மேலே ஒரு குழியும் அதற்கு முன்னால் ஒரு தடுப்பும் இருக்கும். பொதுவாக 6 முதல் 7 அங்குலம் உயரும்.

ஒயில், பில்டர் மாற்றம், சம்ப் (எஞ்சினின் ஒயில் தொட்டி) கசிவு, சைலன்சர், துரு பார்ப்பது ஆகியவற்றுக்கு இது போதும். சில்லைக் கழற்றவேண்டிய பிரேக் வேலை, சொக் அப்சோபர் வேலை எதுவும் ராம்பில் முடியாது. சில்லுதானே ராம்பில் நிற்கிறது!

பிளாஸ்டிக் தானே, எங்கட கார் ஏறினா நொறுங்காதா?

கணக்குப் பார்த்தால் பயம் குறையும். வேகன் ஆர் வெறுமையாக 800 கிலோவை ஒட்டி வரும். முன்சில்லு இழுக்கும் கார்களில் எடையின் ஏறக்குறைய 60 வீதம் முன்னால் இருக்கிறது. ஆக ஒரு ராம்புக்கு 240 கிலோ. அக்குவா 1,100 கிலோவை ஒட்டியது. அதற்கு ஒரு ராம்பில் 330 கிலோ வரும். நல்ல ராம்பின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விலா எலும்பு போன்ற தடுப்புகள் அந்தச் சுமையைப் பரப்பி நிலத்துக்குக் கொடுத்துவிடும்.

நொறுங்குவது மூன்று சந்தர்ப்பங்களில்: அளவுக்கு மீறிய வாகனம் ஏறினால், அடியில் கல்லோ குழியோ இருந்து சுமை ஒரே விலாவில் விழுந்தால், வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் முறுகிப் போயிருந்தால். மூன்றையும் தவிர்ப்பது உங்கள் கையில்.

ராம்பில "3 டொன்" எண்டு போட்டிருக்கு. அது ஒண்டுக்கா, ரெண்டுக்குமா?

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ராம்பில் அச்சிட்டிருப்பதையும் கூட வரும் தாளையும் படியுங்கள். மூன்று விதமாக எழுதுவார்கள்: ஒரு ராம்புக்கு, ஒரு சோடிக்கு, அல்லது வாகனத்தின் மொத்த எடைக்கு. அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவை பெரும்பாலும் இறாத்தலில் மொத்த எடையைச் சொல்பவை. 8,000 இறாத்தல் என்றால் சுமார் 3,630 கிலோ எடையுள்ள வாகனத்தின் ஒரு சோடிச் சில்லுகளை ஏற்றலாம் என்று பொருள். அந்த முழு எடையையும் இரண்டு ராம்பில் வைக்கலாம் என்பதல்ல.

எது என்று தெளிவாக இல்லாவிட்டால் வாகனத்தின் மொத்த எடைக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தே இல்லாத ராம்பை வாங்கவேண்டாம். வாகனத்தின் எடை பதிவுப் புத்தகத்தில் இருக்கும். டிக்கியில் உள்ள சாமானின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கராஜ் நிலம் டைல்ஸ். முன்னுக்கு இன்டர்லொக் கல்லு. எதில வைக்கலாம்?

சொரசொரப்பான கொங்கிறீற்றுதான் முதல் தெரிவு. பளபளவென்று மெழுகிய சீமெந்து நிலமும் டைல்சும் வழுக்கும். டைலை விரல் மொளியால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று வெறுமையான சத்தம் வந்தால் அடியில் சாந்து இல்லை. விலாவின் விளிம்பு பட்டதும் டைல் வெடிக்கும்.

இன்டர்லொக் கல்லின் சிக்கல் வேறு. உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பக்கம் கல்லுக்கு அடியில் இருப்பது கடற்கரை மணல். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மழையில் அந்த மணல் அரித்துப்போய், மேலே பார்க்க ஒழுங்காக இருக்கும் கல் சுமை பட்டதும் இறங்கும். ஒரு ராம்ப் மட்டும் இறங்கினால் கார் சரியும். இதற்கு 18 மில்லிமீற்றர் பிளைவுட் துண்டு இரண்டு போதும். ஒவ்வொன்றும் 2 அடி அகலம், ராம்பின் நீளத்தைவிட 2 அடி கூடுதல் நீளம். ராம்பின் முன் விளிம்பு முட்டும் இடத்தில் குறுக்காக ஒரு மரச் சட்டத்தைத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். வெறும் மணலிலும் புல்லிலும் பலகை போட்டாலும் ராம்ப் வைக்கவேண்டாம்.

உவர்மலையில வீடு. வாசல் சரிவு. கொஞ்சம்தான் சரிவு, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமுடியாது. ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தினால் கார் பின்னுக்கு உருளப் பார்க்கும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ஏறும்போது மேல் தடுப்பையும் தாண்டிவிடும். மேசனின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்: 1 மீற்றர் தூரத்துக்கு 1 சென்ரிமீற்றர் வரையான சாய்வு, அதாவது கழுவும் தண்ணீர் வழிந்தோடப் போடும் சாய்வு, ஏற்கத்தக்கது. அதற்கு மேல் என்றால் உள்ளே மட்டமான இடத்தைத் தேடுங்கள், அல்லது வேலையைச் சேவிஸ் ஸ்டேசனுக்கு விடுங்கள்.

ஏறப் போனா ராம்ப் முன்னுக்கு ஓடுது. ஏன், என்ன செய்யலாம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். டயர் ராம்பைத் தொடும் அந்தக் கணத்தில் காரின் எடை இன்னும் நிலத்தில்தான் இருக்கிறது. ராம்பின் மேல் சுமையே இல்லை, ஆனால் டயர் அதைத் தள்ளுகிறது. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் மெழுகிய சீமெந்தில் எப்படி நிற்கும்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் கராஜுக்குள் வந்து படியும் மணல் வேறு அடியில் உருளைபோல வேலை செய்யும்.

எந்தச் சில்லு இழுக்கிறது என்பதும் முக்கியம். அக்குவா, வேகன் ஆர், அக்சியோ போன்றவற்றில் முன்சில்லு தானே ஏறுகிறது. மெதுவாக ஏறினால் தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் ஏறத்தாழச் சரிக்கட்டிவிடும். ஆனால் அக்சிலரேட்டரைப் படக்கென்று அமத்தினால் சில்லு சுழன்று ராம்பைப் பின்னுக்கு, காரின் அடிக்கே இழுத்து எறியும். ஹையேஸ், டிமோ பட்டா, ஹைலக்ஸ் போன்றவற்றில் பின்சில்லு தள்ள, முன்சில்லு சும்மா உருண்டு ஏறுகிறது. பல ராம்புகளின் சரிவு 17 பாகையை ஒட்டியது. அந்தச் சரிவில் டயர் தாங்கும் எடையின் ஏறக்குறைய 30 வீதம் ராம்பை முன்னுக்குத் தள்ளும். 500 கிலோ சுமக்கும் சில்லு என்றால் 150 கிலோ அளவு தள்ளல். அதனால்தான் ஹையேஸ் போன்ற வானை ராம்பில் ஏற்றுவது காரைவிடச் சிரமம்.

தீர்வு மலிவானது. 3 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள றப்பர் விரிப்பை ராம்பின் அகலத்துக்கு வெட்டி, ராம்புக்கு அடியில் போடுங்கள். ராம்பின் வாயிலிருந்து காரின் பக்கமாக இன்னும் 2 அடி நீளட்டும். ஏறத் தொடங்குமுன் டயர் அந்த விரிப்பின் மேல் நிற்கவேண்டும். காரே தன் எடையால் விரிப்பை அமத்திப் பிடிக்கும், விரிப்பு ராம்பைப் பிடிக்கும். போடுமுன் நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். சுவரில் முட்டுக் கொடுத்து நிறுத்தும் வேலை வேண்டாம். மதிற்சுவர்கள் அந்தத் தள்ளலுக்குக் கட்டப்பட்டவை அல்ல.

டயர் ஏற முதலே பம்பர் முட்டுது. அக்குவா.

முன் பம்பர் பதிந்த எல்லாக் காருக்கும் இது வரும். ராம்பை டயரோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் குந்தியிருந்து பம்பருக்கும் ராம்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு விரல் போகாவிட்டால் 2 அங்குலத் தடிப்பும் 10 அங்குல அகலமும் 3 அடி நீளமும் உள்ள பலகையை ராம்பின் வாயோடு ஒட்டிப் போடுங்கள். டயர் முதலில் பலகையில் ஏறுவதால் பம்பரும் 2 அங்குலம் உயர்ந்துவிடும். பலகையின் ஏறும் முனையைச் சாய்வாகச் சீவிவிட்டால் குலுக்காமல் ஏறும். முந்திய பதிலில் சொன்ன விரிப்பு பலகைக்கும் அடியில் வரவேண்டும்.

சரி, எப்படி ஏத்துறது? படிப்படியாச் சொல்லுங்கோ.

ஸ்டியரிங்கை நேராக்கி, காரை 2 மீற்றராவது நேராக ஓட்டி வந்து நிறுத்துங்கள். ராம்ப் இரண்டையும் டயரின் நடுவுக்கு நேராக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, டயரைத் தொடும்படி வையுங்கள். ஒன்று ஒரு அங்குலம் முன்னே நின்றாலும் மற்றப் பக்கம் முதலில் ஏறி, கார் கோணும். டயரின் அகலம் முழுவதும் ராம்புக்குள் அடங்கவேண்டும். அக்குவாவின் 175 மில்லிமீற்றர் டயர் எதிலும் அடங்கும், ஹைலக்சின் 265 மில்லிமீற்றர் டயர் பல ராம்புகளில் அடங்காது. கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிட்டு எஞ்சினைப் போடுங்கள்.

கியர் காரில் முதலாம் கியர், அரைக் கிளச். ஓட்டோ கியர் காரில் டியில் போட்டு, அக்சிலரேட்டரை மெல்லத் தொட்டு, மறு கணம் பிரேக்குக்குக் காலை மாற்றத் தயாராக இருங்கள். மேலே போனதும் டயர் குழிக்குள் இறங்குவது ஒரு சிறு குலுக்கலாகத் தெரியும். அங்கே மெதுவாக நிறுத்துங்கள். அடித்துப் பிரேக் போட்டால் ராம்ப் காரோடு சேர்ந்து முன்னுக்கு நகரும். பாதியில் கோணலாகத் தெரிந்தால் ராம்பின் மேல் ஸ்டியரிங்கைத் திருப்பாமல், பின்னுக்கு இறக்கி மறுபடி வையுங்கள்.

பிறகு ஹான்ட் பிரேக், ஓட்டோ கியர் காருக்குப் பி, கியர் காருக்கு முதலாம் கியர், எஞ்சின் நிறுத்தம். பின்சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் உருளாமல் தடுக்கும் கட்டை. கடைசியாகப் பக்கவாட்டில் நின்று காரைப் பலமாக ஆட்டிப் பாருங்கள். ராம்ப் அசைந்தால், கிறீச்சிட்டால், உள்ளே போகவேண்டாம். இறக்கி, நிலத்தைப் பாருங்கள்.

எங்கட வீட்டுக்காரர் தனியாத்தான் செய்யிறார். பக்கத்தில ஆள் நிக்க வேணுமா?

நிற்கவேண்டும், ஆனால் எங்கே என்பதில் கவனம். ஓட்டுபவருக்குத் தெரியும்படி, முன் மூலைக்குப் பக்கவாட்டில், 2 மீற்றர் தள்ளி. காருக்கும் சுவருக்கும் நடுவில் எவரும் நிற்கக்கூடாது. "வா வா" என்று முன்னால் நின்று கை காட்டும் பழக்கம் ரிவேர்சுக்குச் சரி, இதற்குச் சரிவராது. தடுப்பைத் தாண்டினால் கார் பாயும் திசை அதுதான்.

அவர் அடியில் இருக்கும் நேரம் முழுவதும் வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். காரின் திறப்பு அடியில் இருப்பவரின் காற்சட்டைப் பையில் இருப்பது நல்லது, ஹைபிரிட் தவிர. அதற்குக் கீழே தனிப் பதில் இருக்கிறது. பிள்ளைகள் காருக்குள் ஏறி விளையாட இடம் கொடுக்கவேண்டாம்.

கட்டைக்குச் செங்கல் வைச்சாப் போதாதா? ராம்புக்குப் பதிலா சீமெந்துக் கல்லு அடுக்கினா?

இரண்டுக்கும் ஒரே பதில்: வேண்டாம். செங்கல்லும் துளையுள்ள சீமெந்துக் கல்லும் உடையுமுன் எந்த அறிகுறியும் காட்டாது. ஒரு விளிம்பில் சுமை பட்டதும் ஒரே வெடிப்பில் துண்டாகும். கட்டைக்கு றப்பர்ச் சொக் (சில்லுக்கு வைக்கும் ஆப்பு) வாங்குங்கள், அல்லது 4 அங்குலச் சதுர மரத்தைக் கோணமாக அறுத்து எடுங்கள். டயரோடு இடைவெளியே இல்லாமல் உதைத்து ஒட்டவைக்கவேண்டும். அரை அடி தள்ளிக் கிடக்கும் கட்டை, கார் வேகம் எடுத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும்.

ராம்பில நிக்கேக்க அக்சில் ஸ்டாண்டும் போடோணுமா?

அக்சில் ஸ்டாண்ட், அதாவது வாகனத்தை அடியிலிருந்து தாங்கும் கால், போட்டால் நல்லது. அடியில் படுத்து நட்டை நெம்பும் வேலை என்றால் கட்டாயம் என்றே சொல்வோம். இரண்டு ஸ்டாண்டை முன் சட்டத்துக்கு அடியில், தொட்டும் தொடாமலும் ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துங்கள். சுமை ஏறத் தேவையில்லை. ராம்ப் போனால் பிடிப்பதற்குத்தான்.

நம் ஊரில் ஒரு விசேடம்: கடற்கரையோரம் ஓடும் கார்களில் கதவுக்குக் கீழே உள்ள ஜக் பொயின்ற் தகடு உள்ளிருந்து துருவேறியிருக்கும். வெளியே பெயின்ற் நன்றாகவே தெரியும். ஸ்குறூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீர் என்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால், செதில் உதிர்ந்தால், அந்த இடத்தில் ஸ்டாண்ட் வைக்கவேண்டாம். தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

ஹைபிரிட் காருக்கு வேற என்ன பார்க்கோணும்?

எஞ்சின் ஓடாமல் அமைதியாக நிற்பதால் "நிறுத்தியாச்சு" என்று நினைப்பதுதான் ஆபத்து. றெடி விளக்கு எரிந்தால் கார் ஓட்டத் தயாராக நிற்கிறது. பற்றறி இறங்கினாலோ ஏசி கேட்டாலோ எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும், உங்கள் கை பெல்ற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே. பவர் பட்டனை அமத்தி, டாஷ்போட் முழுதும் அணைந்ததை உறுதிசெய்து, திறப்பை வீட்டுக்குள், காரிலிருந்து 5 மீற்றருக்கு அப்பால் வையுங்கள். அடியில் செம்மஞ்சள் நிற உறையுள்ள கம்பி தெரிந்தால் அது உயர் மின்னழுத்தக் கம்பி. தொடவேண்டாம்.

பின்பக்கத்த ரிவேர்சில ஏத்தலாமா?

ஏற்றலாம், ஆனால் இரண்டு விஷயம் மாறும். முன்சில்லு இழுக்கும் காரைப் பின்னுக்கு ஏற்றும்போது பின்சில்லுகள் சும்மா உருள்பவை. ராம்ப் ஓடுவது பற்றி மேலே வானுக்குச் சொன்ன 30 வீதத் தள்ளல் இங்கே காருக்கும் வரும். விரிப்பு இல்லாமல் முயலவேண்டாம்.

மற்றது ஹான்ட் பிரேக். அது பெரும்பாலும் பின்சில்லுகளைத்தான் பிடிக்கும், அவையோ இப்போது ராம்பில். நிலத்தில் நிற்கும் முன்சில்லுகளை முன்சில்லு இழுக்கும் காரில் பி பிடித்துக்கொள்ளும். பின்சில்லு இழுக்கும் வாகனத்தில் அவற்றைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. முன்சில்லு இரண்டுக்கும் இரு பக்கமும் கட்டை வைக்காமல் கதவைத் திறந்து இறங்கவும் கூடாது. உதவிக்கு நிற்பவர் கட்டை வைக்கும்வரை காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவேண்டாம்.

ஓட்டோவுக்குப் பாவிக்கலாமா அண்ணா?

வேண்டாம். முச்சக்கர வண்டிக்கு முன்னால் ஒற்றைச் சில்லு. ராம்பில் ஏற்றினால் சரிந்துவிடும்.

ஏத்தேக்க தாண்டிப் போயிட்டு. இப்ப ராம்ப் காருக்கடியில மாட்டிக்கொண்டு நிக்குது!

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், பின்சில்லுக்குக் கட்டை போடுங்கள். வந்த வழியே ரிவேர்சில் இழுக்கப் பார்க்கவேண்டாம். ராம்பின் செங்குத்தான முதுகுப் பக்கம் டயரிலோ, கதவுக்குக் கீழ்த் தகட்டிலோ, பிரேக் குழாயிலோ கொழுவும்.

உருளும் ஜக் ஒன்று தேவை, காரோடு வந்தது போதாது. முன் சட்டத்தின் நடுவில் ஜக்கை வைத்து, ராம்ப் விடுபடும் அளவுக்கு மட்டும் உயர்த்தி, நீளத்தடியால் ராம்பை இழுத்தெடுங்கள். கையை உள்ளே விடவேண்டாம். இறக்கிய பின் பிரேக் குழாயையும் சம்ப்பையும் பார்த்துவிட்டுத்தான் றோட்டுக்கு எடுக்கலாம். அந்த ராம்ப் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது.

கடற்கரைக்குப் போட்டு வந்து அடியக் கழுவ ராம்பில ஏத்தலாமா?

ஏற்றலாம், உலர்ந்த டயரோடு. ஈர டயரில் மணலும் ஒட்டியிருந்தால் ராம்பின் மேற்பரப்பு வழுக்கும், சில்லு சுழலும். முதலில் டயரைக் கழுவித் துடைத்து, பிறகு ஏற்றுங்கள். கழுவும்போது அடியில் படுக்காமல் வெளியே இருந்து நல்ல தண்ணீரைப் பாய்ச்சுங்கள். உப்பு அதிகம் தங்குவது சில்லு வளைவின் உள் மடிப்பிலும் பின் அச்சுக்கு மேலேயும். ஈரநிலத்தில் வயர் போட்ட விளக்கு வேண்டாம், பற்றறி ரோச் போதும்.

துருவுக்குக் கழிவு ஒயில் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது புஷ், பூட் போன்ற றப்பர்ப் பாகங்களை ஊதவைக்கும், ராம்பில் சொட்டினால் அடுத்தமுறை டயர் ஏறாது.

வெளியில வெயிலில கிடந்தா என்ன ஆகும்? வெடிப்பை ஒட்டலாமா?

திருகோணமலை வெயிலில் பிளாஸ்டிக் நிறம் மங்கி, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அப்படியானது சுமையில் வளையாது, முறியும். கராஜுக்குள் நிழலில், சுவரில் கொழுவி வையுங்கள். மேலே வேறு சாமான் அடுக்கவேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் கவிழ்த்து விலாக்களைப் பாருங்கள். வெள்ளையாக வெளிறிய கோடு என்றால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் இழுபட்டிருக்கிறது. வெடிப்பு என்றால் பேச்சே இல்லை. பசையோ, சூடாக்கி உருக்கி ஒட்டுவதோ சுமையைத் தாங்காது. ஒன்று பழுதானால் சோடியாகவே மாற்றுங்கள். பழைய ராம்ப் மலிவாக வந்தால் வாங்கவேண்டாம் என்பதும் இதனால்தான். அதில் என்ன வாகனம் ஏறியது என்று எவருக்கும் தெரியாது.

முன்பக்கம் உயர்ந்து நிக்கேக்க ஒயில் முழுக்க வடியுமா? கியர் ஒயிலும் அப்படியே பார்க்கலாமா?

சம்ப் நட் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. பின்பக்கம் பார்த்து இருந்தால் சாய்வு உதவும், நன்றாக வடியும். முன்பக்கம் இருந்தால் கொஞ்சம் உள்ளே தங்கும். சொட்டு நின்ற பிறகு நட்டைத் தற்காலிகமாகப் பூட்டி, காரை இறக்காமலே பின்பக்கத்தை உருளும் ஜக்கால் உயர்த்தி மட்டமாக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நிலத்தில் பிடிமானமாக இருந்த பின்சில்லுகளையே தூக்கும் வேலை அது, செய்யவேண்டாம். தங்கும் சிறிதளவு பழைய ஒயிலால் எஞ்சினுக்குக் கேடில்லை.

புது ஒயிலை ராம்பில் நிற்கும்போதே ஊற்றியாகவேண்டும், ஏனெனில் இறக்குவதற்கு எஞ்சினைப் போடவேண்டும். கைநூலில் உள்ள அளவைவிடக் கால் லீற்றர் குறைவாக ஊற்றி, நட்டையும் பில்டரையும் இறுக்கி, அடியில் ஒன்றும் இல்லை என்று பார்த்து, ஸ்டாண்டையும் பின்னர் கட்டைகளையும் எடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடி ரிவேர்ஸ் போட்டு, அக்சிலரேட்டரைத் தொடாமல் இறக்குங்கள். மட்ட நிலத்தில் எஞ்சினை நிறுத்தி 5 நிமிடம் விட்டு ஒயில் அளக்கும் கம்பியில் அளந்து மிச்சத்தை ஊற்றலாம். ராம்பில் வைத்து அளந்தால் அளவு பிழைக்கும்.

கியர் ஒயில், சிவிரி (படியில்லாத ஓட்டோ கியர்) ஒயில் மட்டம் பார்க்க ராம்ப் உதவாது. நான்கு சில்லும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், சிவிரிக்கு ஒயிலின் வெப்பநிலையும் சரியாக இருக்கவேண்டும். அதை லிஃப்ற் உள்ள இடத்தில் செய்யுங்கள். வடித்த பழைய ஒயிலைக் கானில் மூடி, போகும்போது அங்கேயே கொடுத்துவிடலாம். வளவில் ஊற்றினால் நம் மணல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குத்தான் போகும்.